ஒலிப் பிளகின்களின் இணக்கமின்மை: காரணமும் பரிகாரமும்

இக்காலத்தில் இசையைப் பதிவு செய்ய விழைவோர் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களை நாடிச் செல்லவேண்டும் என்னும் நியதி பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஒரு கணினியும், ஒரு மைக்கும், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாய்க்கப்பெற்றோர், வீட்டின் சிற்றறை ஒன்றிலேயே பலர் கூடிப் பாடும் பாடலைப் பதிந்து, வாத்திய ஒலிகளை அதனோடு சேர்த்து, செம்மை செய்து வெளியிட வல்லராயினர். எனினும் இவ்வசதியோடு ஒரு தொல்லையும் உடன்வந்து சேர்ந்தது. நேற்றுவரை இனிது இயங்கிய பிளகின் ஒன்று இன்று பட்டியலிற் காணப்படாமற் போகின்றது. அல்லது காணப்பட்டும் திறவாதிருக்கின்றது. அல்லது திறந்த அளவிலே செயலி முழுவதையும் மூடிவிடுகின்றது. அப்பொழுது மாணவர் பலர் மனங்கலங்கி, நிறுவியவற்றையெல்லாம் நீக்கி, மீண்டும் நிறுவி, அமைப்புகளை மாற்றி, முன்னிருந்த சிறு குறையைப் பெருங்குறையாக்கிக் கொள்கின்றனர். இத்தொல்லையின் காரணங்களை முறைப்பட உணர்ந்தோர்க்கு இஃது அஞ்சத்தக்கதன்று என்பதையும், அதனினும் முக்கியமாக, ஒருவர் அரிதின் முயன்று செய்த இசைப்பதிவு சில ஆண்டுகளுக்குள் திறக்கவொண்ணாததாய்ப் போகாமற் காத்தற்குரிய வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கக் கருதுகின்றோம்.

பிளகின் என்பது யாது?

முதற்கண் சொற்பொருளை வரையறுத்துக் கொள்வோம். ஒலியைப் பதிதற்கும், வெட்டி ஒட்டுதற்கும், பல ஒலிகளைக் கலத்தற்கும் உரிய பெருஞ்செயலிகள் பல உள. கியூபேஸ், லாஜிக் புரோ, புரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் முதலியன அவற்றுட் சில. இத்தகைய பெருஞ்செயலிக்குள் புகுந்து, குறிப்பிட்டதொரு தொழிலை மட்டும் செய்யும் சிறுசெயலியே பிளகின் எனப்படும். குரலுக்குப் பெரிய மண்டபத்தின் எதிரொலியைத் தருவது ஒரு பிளகின். ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வது மற்றொன்று. ஆர்கன், வயலின் முதலிய வாத்தியங்களின் ஒலியைத் தானே பிறப்பிப்பது வேறொன்று. பிளகினுக்கு இடந்தரும் பெருஞ்செயலியை ஹோஸ்ட் என்பர். ஹோஸ்ட் என்னுஞ் சொல்லுக்கு விருந்தேற்பவர் என்பது பொருள். அங்ஙனமாயின் பிளகினை விருந்தினர் என்று கொள்ளலாம்.

இவ்வுவமை பொருத்தமுடையதே. விருந்தினர் வீட்டாரோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குதல்போல, பிளகினும் பெரும்பான்மை ஹோஸ்டிற்குரிய நினைவகத்திலேயே குடிபுகுந்து இயங்குகின்றது. ஆகலின் விருந்தினர் பிழை செய்யின் வீடு முழுவதும் கலங்கும். ஒரு பிளகின் தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியில் எழுதிவிடுமாயின், அது மட்டுமன்றி ஹோஸ்டும் திடீரென மூடிக்கொள்வது இதனாலேயே. பிட்விக் ஸ்டூடியோ போன்ற சில ஹோஸ்டுகள் விருந்தினரைத் திண்ணையில் இருத்துதல்போலப் பிளகின்களைத் தமக்குப் புறம்பான தனி இடத்தில் இயக்கவும் வல்லன. அவ்வாறு இயக்கும்பொழுது பிளகின் வீழினும் ஹோஸ்ட் வீழ்வதில்லை.

இனி, ஹோஸ்டை எழுதியோர் ஒருவர். பிளகினை எழுதியோர் வேறொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் கண்டிருத்தலும் அரிது. இருப்பினும் அவர்தம் படைப்புகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டும். ஒலித்துணுக்குகளை எவ்வடிவிற் கொடுப்பது, எவ்வடிவிற் பெறுவது, பயனர் திருகும் குமிழின் அளவை எவ்வாறு அறிவிப்பது, அமைப்புகளை எவ்வாறு சேமிப்பது என்பனவற்றையெல்லாம் வரையறுக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தாலன்றி இவ்வுரையாடல் நிகழாது. அவ்வுடன்படிக்கையின் ஏதேனும் ஓர் உறுப்பு முறியும்பொழுது எழுவதே இணக்கமின்மை. எனவே பிளகின் கெட்டதோ, ஹோஸ்ட் கெட்டதோ என்று வினவுவதினும், உடன்படிக்கையின் எவ்வுறுப்பு முறிந்தது என்று வினவுவதே அறிவுடைமையாம். அவ்வுறுப்புகளை ஒவ்வொன்றாய் ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது: வடிவம்

பிளகின்களுக்குரிய உடன்படிக்கை ஒன்றன்று, பலவாம். ஜெர்மனி தேசத்து ஹாம்பர்க் நகரிலுள்ள ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ஆம் ஆண்டில் வி.எஸ்.டி. என்னும் வடிவத்தை வெளியிட்டது. 1999-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, வாத்தியங்களையும் பிளகின்களாக அமைத்தற்கு வழிகோலியது. 2008-இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளுக்கென ஆடியோ யூனிட் என்னும் வடிவத்தை வகுத்தது. புரோ டூல்ஸை வெளியிடும் ஆவிட் நிறுவனம் 2011-இல் ஏ.ஏ.எக்ஸ். என்பதனைக் கொணர்ந்தது. பெர்லினைச் சார்ந்த பிட்விக், யூ-ஹே என்னும் இரு நிறுவனங்களின் முயற்சியால் 2022-இல் கிளாப் என்னும் திறந்த வடிவமும் தோன்றிற்று.

எல்லா ஹோஸ்டும் எல்லா வடிவத்தையும் ஏற்பதில்லை. லாஜிக் புரோ, ஆடியோ யூனிட் வடிவத்தை ஏற்கும், வி.எஸ்.டி.யை ஏற்காது. புரோ டூல்ஸ், ஏ.ஏ.எக்ஸ். வடிவத்தையே ஏற்கும். ஏபிள்டன் லைவ், மேக் கணினியில் வி.எஸ்.டி.யையும் ஆடியோ யூனிட்டையும் ஏற்கும். ஆதலின், வி.எஸ்.டி. பிளகின் ஒன்றை நிறுவிவிட்டு, லாஜிக்கில் அதனைக் காணவில்லையே என்று ஒருவர் வருந்துவாராயின், அங்கே கெட்டது யாதொன்றும் இல்லை, வடிவமே பொருந்தவில்லை. அப்பிளகினின் ஆடியோ யூனிட் வடிவத்தை நிறுவுவதே அதற்குப் பரிகாரம்.

ஒரே பெயருடைய வடிவத்துள்ளும் பதிப்பு வேற்றுமை உண்டு. ஸ்டைன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. இரண்டாம் பதிப்பிற்கான உரிமையைப் புதிய ஆசிரியர்களுக்கு வழங்குவதை 2018 அக்டோபரில் நிறுத்திவிட்டது. 2022-இல் வெளிவந்த கியூபேஸ் 12, ஆப்பிள் சிலிக்கான் கணினியில் அதற்கே உரிய முறையில் இயங்கும்பொழுது மூன்றாம் பதிப்பை மட்டுமே ஏற்கின்றது. இரண்டாம் பதிப்பில் அமைந்த பிளகினும் மூன்றாம் பதிப்பில் அமைந்த அதே பெயர்ப் பிளகினும் ஹோஸ்டின் கண்ணுக்கு இருவேறு ஆட்கள் என்பதையும் நினைவிற் கொள்க. ஒவ்வொரு பிளகினுக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. இரண்டாம் பதிப்பில் அது நான்கு எழுத்துகளின் அளவினது. மூன்றாம் பதிப்பிலோ 128 பிட் நீளமுடையது. பழைய பதிவைத் திறக்கும் ஹோஸ்ட் பழைய குறியையே தேடும். பிளகினின் ஆசிரியர் இரண்டையும் இணைக்கும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தாலன்றி, புதியது நிறுவப்பட்டிருப்பினும் பழையதைக் காணோம் என்றே அது அறிவிக்கும்.

இரண்டாவது: பிட் அளவும் பிராசஸர் வகையும்

கணினிச் செயலிகள் 32 பிட் அளவின, 64 பிட் அளவின என இருவகைப்படும். 32 பிட் முகவரியால் எட்டக்கூடிய நினைவகம் 4,29,49,67,296 பைட்டுகள். அஃதாவது நான்கு கிகாபைட் அளவே. உயர்ந்த ஆர்கன் ஒலித்தொகுதி ஒன்றே இவ்வளவையும் விழுங்கிவிடக் கூடுமாதலின், இசையுலகம் 64 பிட்டை நோக்கி நகர்ந்தது. 2013-இல் புரோ டூல்ஸ் 11, 2016-இல் கியூபேஸ் 9, 2018-இல் லைவ் 10 என ஒவ்வொன்றாய் 32 பிட்டைக் கைவிட்டன. 2019 அக்டோபரில் வெளிவந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா, 32 பிட் செயலிகள் அனைத்தையும் இயங்கவொட்டாது நிறுத்திற்று. விண்டோஸில் 32 பிட் செயலிகள் தனித்து இயங்குமாயினும், 64 பிட் ஹோஸ்டிற்குள் 32 பிட் பிளகின் நேரே புகமாட்டாது. இடையே பாலம்போல நிற்கும் துணைச்செயலி ஒன்று வேண்டும். ரீப்பர் தன்னகத்தே அப்பாலத்தை உடையது. பிற ஹோஸ்டுகளுக்கு ஜே-பிரிட்ஜ் என்னும் தனிச்செயலி உதவும்.

பிட் அளவு ஒத்திருப்பினும் பிராசஸரின் மொழி ஒத்திராமற் போகலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்.1 என்னும் தன் சொந்தப் பிராசஸரோடு கூடிய கணினிகளை வெளியிட்டது. அதற்கு முந்திய மேக் கணினிகளில் இருந்தது இன்டெல் பிராசஸர். இவ்விரண்டும் வெவ்வேறு மொழி பேசுவன. இன்டெல் மொழியில் எழுந்த செயலியைப் புதிய பிராசஸருக்கு மொழிபெயர்த்துத் தருவது ரோசெட்டா 2 என்னும் துணை. ஆயினும் ஒரு நுட்பத்தை இங்கே கவனித்தல் வேண்டும். ரோசெட்டா ஒரு செயலி முழுவதையும் மொழிபெயர்க்குமேயன்றி, புதிய மொழியில் இயங்கும் ஹோஸ்டிற்குள் புகும் பழைய மொழிப் பிளகினை மட்டும் தனியே பிரித்தெடுத்து மொழிபெயர்ப்பதில்லை. இதனாலேயே ஹோஸ்ட் முழுவதையும் ரோசெட்டாவில் திறந்தால் காணப்படும் பிளகின், அதனை அதற்கே உரிய முறையில் திறக்குங்கால் மறைந்துவிடுகின்றது. லாஜிக் முதலிய சில ஹோஸ்டுகள் அத்தகைய பிளகினைத் தமக்குப் புறத்தே நிறுத்தி இயக்கும் ஏற்பாட்டைப் பெற்றுள்ளன. இரு மொழியும் அறிந்த பிளகின்களை யூனிவர்சல் என்பர். இயன்றவரை அவற்றையே நிறுவுதல் நன்று. ரோசெட்டாவின் பொதுவான உதவி மேக் ஓ.எஸ். 27 வரையிலேயே நீடிக்கும் என்று ஆப்பிள் 2025-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளமையின், இம்மொழிபெயர்ப்பாளரை நிலையான துணையாக நம்புதல் கூடாது.

மூன்றாவது: இருப்பிடம், காவல், உரிமம்

வடிவமும் மொழியும் பொருந்தியிருப்பினும் பிளகின் உரிய இடத்தில் இல்லையாயின் ஹோஸ்ட் அதனைக் காணாது. மேக் கணினியில் லைப்ரரி என்னும் ஃபோல்டருக்குள் ஆடியோ, அதற்குள் பிளக்-இன்ஸ், அதற்குள் காம்போனென்ட்ஸ் என்னும் இடமே ஆடியோ யூனிட்டுகளின் இருப்பிடம். வி.எஸ்.டி.க்கும் வி.எஸ்.டி. 3-க்கும் அதே பிளக்-இன்ஸ் ஃபோல்டருள் தனித்தனி இடங்கள் உண்டு. லைப்ரரி என்னும் பெயரில் கணினி முழுவதற்கும் பொதுவானது ஒன்றும், ஒவ்வொரு பயனருக்கும் உரியது ஒன்றும் இருத்தலின் இரண்டையும் நோக்குதல் வேண்டும். விண்டோஸில் வி.எஸ்.டி. 3 பிளகின்கள், புரோகிராம் ஃபைல்ஸ் என்பதனுள் காமன் ஃபைல்ஸ் என்னும் ஃபோல்டரிலுள்ள வி.எஸ்.டி. 3 என்னும் இடத்தில் அமையும். இரண்டாம் பதிப்பிற்கோ அங்கே ஒரே நிலையான இடம் இல்லை. ஆகவே நிறுவும்பொழுது குறித்த இடமும் ஹோஸ்டின் அமைப்பிற் குறித்த இடமும் ஒன்றாதல் வேண்டும்.

இயங்குதளமும் தன் வாயிலில் காவல் வைத்துள்ளது. ஆசிரியர் இன்னார் என்று தெரியாத செயலிகளை மேக் ஓ.எஸ். ஐயுற்றுத் தடுக்கும். அவ்வாறு தடுக்கப்பட்ட பிளகினை, நம்பத்தக்க இடத்திலிருந்து பெற்றதென்று உறுதியாய் அறிந்தவிடத்து மட்டும், கணினி அமைப்பில் தனியுரிமையும் பாதுகாப்பும் என்னும் பகுதிக்குச் சென்று அனுமதிக்கலாம். உரிமையின்றிப் பரப்பப்படும் பிளகின்களை நிறுவும் பொருட்டுக் காவலையே முற்றும் நீக்கிவிடுவோர், கள்வருக்குக் கதவைத் திறந்து வைப்போரை ஒப்பர். விண்டோஸில், விஷுவல் சி பிளஸ் பிளஸ் என்னும் பொதுத்துணைக் கோப்புகள் இல்லாமையாலும் பிளகின் திறவாதிருத்தல் உண்டு. அவற்றை நிறுவிய அளவில் குறை நீங்கும்.

இவையன்றி உரிமச் சான்று என்பது ஒன்றும் உண்டு. விலைகொடுத்துப் பெற்ற பிளகின்கள் பலவும், இக்கணினியில் இயங்க உரிமை உண்டா என்று ஒரு துணைச்செயலி வாயிலாகவோ, கணினியிற் செருகும் சிறு சாவி வாயிலாகவோ வினவும். அத்துணைச்செயலி பழையதாயினும், சாவி செருகப்படாதிருப்பினும் பிளகின் வாய்திறவாது. பிற குறைகளைத் தேடி அலையுமுன் இதனை நோக்குதல் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இணக்கமின்மை போலத் தோன்றும் பிற குறைகள்

பிளகின் திறந்து இயங்கியும் ஒலி இடையிடையே வெடித்தும் அறுந்தும் வருமாயின், அதனை இணக்கமின்மை என்று உடனே துணிதல் தவறு. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்தே செயற்படுத்துகின்றது. இக்கட்டின் அளவைப் பஃபர் என்பர். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் பஃபர் 256 மாதிரிகளாயின், ஒவ்வொரு கட்டையும் முடிக்கக் கணினிக்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 5.3 மில்லிவினாடி. அக்காலத்துள் எல்லாப் பிளகின்களும் தம் வேலையை முடியாவிடின் ஒலி அறும். பஃபரை 1024-ஆக உயர்த்தின் ஏறக்குறைய 21.3 மில்லிவினாடி கிடைக்கும். உயர்த்தியவுடன் ஒலி சீர்ப்படுமாயின் குறை வேலைச்சுமையால் வந்ததென்று தெளியலாம். பாடிப் பதியும்பொழுது தாமதம் தெரியாதிருக்கச் சிறிய பஃபரும், கலக்கும்பொழுது பெரிய பஃபரும் ஏற்றவை. ஆடியோ இன்டர்ஃபேஸும் பதிவும் வெவ்வேறு மாதிரி அளவில், அஃதாவது ஒன்று 44,100 எனவும் மற்றொன்று 48,000 எனவும் அமைந்திருப்பின், சுருதியும் வேகமும் மாறி ஒலித்தல் கூடும். இதுவும் பிளகினின் குற்றமன்று.

ஆராயும் முறை

இனி, குறை நேர்ந்தவிடத்து ஆராயவேண்டிய முறையை வரிசைப்படுத்திக் கூறுகின்றோம்.

முதற்படி, யாதொன்றையும் மாற்றுமுன் பதிவின் கோப்புறை முழுவதற்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தல். பிளகின் காணாத நிலையில் திறந்த பதிவை அப்படியே அதன்மேற் சேமித்துவிடின், பழைய அமைப்புகளை இழக்க நேரிடலாம்.

இரண்டாம் படி, குறியை எழுதி வைத்தல். பிளகின் பட்டியலில் இல்லையா? பட்டியலில் இருந்தும் திறவாதா? திறந்தும் ஒலி இல்லையா? ஹோஸ்ட் மூடிக்கொள்கின்றதா? கடைசியாக நன்றாய் இயங்கியது எப்பொழுது? அதன்பின் மாறியது யாது? ஹோஸ்டா, இயங்குதளமா, பிளகினா? இவ்வினாக்களுக்கு விடை எழுதிய அளவிலேயே பாதிக் குறைகளின் காரணம் புலப்படும்.

மூன்றாம் படி, முற்கூறிய உறுப்புகளை அதே வரிசையில் ஒத்துப்பார்த்தல். வடிவம், பிட் அளவு, பிராசஸர் மொழி, இருப்பிடம், காவல், உரிமம் என்னும் ஆறினையும் ஒவ்வொன்றாய் நோக்குக. ஆசிரியர் வெளியிட்டுள்ள இணக்கப் பட்டியலில் தம் இயங்குதளத்தின் பதிப்பு எண் உளதா என்பதனையும் காண்க.

நான்காம் படி, ஹோஸ்டின் நினைவைப் புதுப்பித்தல். ஒரு முறை தேர்வில் தவறிய பிளகினை ஹோஸ்ட் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை சோதியாமலே ஒதுக்கிவிடும். குறை நீங்கிய பின்னும் பிளகின் தோன்றாமைக்கு இதுவே காரணமாதல் உண்டு. லாஜிக்கின் பிளகின் மேனேஜரில் அப்பிளகினைத் தெரிந்து மீண்டும் ஸ்கேன் செய்விக்கலாம். கியூபேஸில் ஒதுக்கப்பட்டோர் பட்டியல் ஒன்று உண்டு, அதிலிருந்து மீட்கலாம். ரீப்பரில் பழைய குறிப்பை அழித்து ஸ்கேன் செய்யும் பொத்தான் உளது. லைவில் ஆல்ட் விசையை அழுத்தியவாறு ரீஸ்கேன் பொத்தானை அழுத்தின் முழுச்சோதனை நிகழும். மேக்கில் அவ்விசைக்கு ஆப்ஷன் என்று பெயர்.

ஐந்தாம் படி, பாதியாகப் பகுத்தல். ஹோஸ்ட் திறக்கும்பொழுதே மூடிக்கொள்கின்றது. குற்றவாளி எப்பிளகின் என்று தெரியவில்லை. நிறுவப்பட்டவை 64 எனக் கொள்வோம். ஒவ்வொன்றாய் எடுத்துச் சோதிப்பின் 63 முறை வரையிற் செல்லும். அங்ஙனமின்றி 32 பிளகின்களை வேறொரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு ஹோஸ்டைத் திறக்க. நன்றாய்த் திறப்பின் குற்றவாளி மாற்றப்பட்டவற்றுள் உள்ளது. திறவாதாயின் எஞ்சியவற்றுள் உள்ளது. அப்பாதியை மீண்டும் பாதியாக்குக. 64, 32, 16, 8, 4, 2, 1 என ஆறே சோதனைகளில் அது அகப்படும்.

இப்படிகள் அனைத்திற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றிய பின் குறை நீங்கின், எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. நீங்காவிடின், புதிதாய் எது சேர்ந்தது என்பதும் தெரியாது. வேதியியற் சோதனைக் கூடத்தில் மாணவர் கைக்கொள்ளும் ஒழுங்கையே இங்கும் கைக்கொள்ளல் வேண்டும். இத்துணையும் செய்து பயன் காணாதவிடத்து, எழுதி வைத்த குறிப்புகளோடு பிளகினின் ஆசிரியருக்கு அறிவிப்பின் அவரும் விரைந்து உதவுவர். இயங்கவில்லை என்று மட்டும் எழுதும் கடிதத்தால் ஒருவருக்கும் பயனில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு பாடற்குழு 2017-ஆம் ஆண்டில் இன்டெல் மேக் கணினியில் லைவ் 9-இன் 32 பிட் பதிப்பைக்கொண்டு ஒரு பாடலைப் பதிந்தது எனக் கொள்வோம். குரல்கள் மைக்கின் வழியே பதியப்பட்டன. ஆர்கன் ஒலியோ, 32 பிட் வி.எஸ்.டி. பிளகின் ஒன்றால் எழுப்பப்பட்டது. இப்பொழுது குழுவினரிடம் ஆப்பிள் பிராசஸருடன் கூடிய கணினியும் லைவ் 12-உம் உள்ளன. பாடலைத் திறந்தபொழுது குரல்கள் அனைத்தும் கேட்கின்றன, ஆர்கன் கேட்கவில்லை. ஏன்?

வரிசைப்படி நோக்குவோம். வடிவம் வி.எஸ்.டி.; லைவ் அதனை ஏற்கும்; குறையில்லை. பிட் அளவு 32. கேட்டலினாவிற்குப் பிந்திய எந்த மேக் ஓ.எஸ்.ஸும் அதனை ஏற்காது. ஆராய்ச்சி இங்கேயே முடிந்தது. ரோசெட்டாவில் திறந்து பார்த்தலும் பயன்படாது, என்னை? ரோசெட்டா 64 பிட் இன்டெல் செயலிகளையே மொழிபெயர்க்கும். இனிச் செய்யத்தக்கன மூன்று. ஆர்கன் பிளகினின் ஆசிரியர் 64 பிட் பதிப்பை வெளியிட்டிருப்பின் அதனை நிறுவிப் பார்க்கலாம். இல்லையாயின், பழைய கணினி இன்னும் உயிருடன் இருக்குமேல், அதிலேயே பாடலைத் திறந்து ஆர்கனின் ஒலியை மட்டும் தனிக் கோப்பாக வெளியிட்டுப் புதிய கணினிக்குக் கொணரலாம். அதுவும் இல்லையாயின், வாசித்த சுரங்களின் குறிப்பு மிடி வடிவில் பதிவினுள் இருத்தலின், வேறோர் ஆர்கன் பிளகினை அவ்விடத்தில் அமர்த்தலாம். சுரமும் தாளமும் அவையே. ஒலியின் நிறம் மட்டும் வேறாகும். அன்று வாசித்தவர் தெரிந்தெடுத்த அந்த நிறம் மீளாது.

வருமுன் காத்தல்

இவ்வெடுத்துக்காட்டில் குரல்கள் பிழைத்தமைக்கும் ஆர்கன் மறைந்தமைக்கும் காரணம் யாதென்று சிந்தித்தல் வேண்டும். குரல் ஒலியாகவே சேமிக்கப்பட்டிருந்தது. ஆர்கனோ, ஒலியாகச் சேமிக்கப்படாமல், ஒவ்வொரு முறையும் பிளகினே புதிதாய் எழுப்பித் தரவேண்டியதாய் இருந்தது. முன்னது சமைத்த உணவு, பின்னது சமையற்குறிப்பு. சமைப்பவர் ஊரைவிட்டு நீங்கிய பின் குறிப்பு மட்டும் பசியைத் தீர்ப்பதில்லை.

ஆதலின் ஒரு பாடல் முடிந்தவுடன் ஒவ்வொரு டிராக்கையும், பிளகின்களின் வேலை ஏறிய ஒலியாகவே, பாடலின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வேவ் வடிவக் கோப்பாக வெளியிட்டு வைத்தல் வேண்டும். பிளகின் ஏறாத மூல ஒலியையும் உடன் வைத்தல் நன்று. வேவ் வடிவம் 1991-இல் தோன்றியது. இன்றும் எந்த ஹோஸ்டும் அதனைத் திறக்கும். 1983-இல் தோன்றிய மிடியும் அவ்வாறே நிலைபெற்றது. வாத்திய டிராக்குகளின் சுரங்களை அவ்வடிவிலும் சேமித்தல் தகும். இதற்கு ஆகும் இடம் மிகுதியோவெனின், அன்று. 24 பிட், வினாடிக்கு 48,000 மாதிரி என்னும் அளவில் ஒற்றை ஒலித்தட ஒலி நிமிடத்திற்கு 8.64 மெகாபைட் கொள்ளும். ஐந்து நிமிடப் பாடலுக்கு 43.2 மெகாபைட். இருபது டிராக்குகளுக்கும் சேர்த்து 864 மெகாபைட். விரலளவான பென் டிரைவ் ஒன்றில் இத்தகைய பாடல்கள் பலவற்றை வைக்கலாம்.

இதனோடு ஒரு சிறு குறிப்பேடும் வேண்டும். ஹோஸ்டின் பெயரும் பதிப்பும், இயங்குதளத்தின் பதிப்பு, ஒவ்வொரு பிளகினின் பெயர், வடிவம், பதிப்பு எண், பாடலின் வேகம், சுருதி, மாதிரி அளவு ஆகியவற்றை அதில் எழுதி வைக்க. ஒரு வேலை நடுவே இருக்கும்பொழுது இயங்குதளத்தைப் புதுப்பித்தல் ஆகாது. வேலை முடிந்த பின்னரும், இன்றியமையாத பிளகின்கள் புதிய பதிப்பிற்கு இணங்கும் என்று அவற்றின் ஆசிரியர் அறிவித்த பின்னரே புதுப்பிக்க. பாதுகாப்புத் திருத்தங்களை நெடுநாள் ஒத்திப்போடுதலும் நன்றன்று. ஆகலின் வேலைகளின் இடைவெளியைத் தெரிந்து, முழு நகல் எடுத்துக்கொண்டு அதனைச் செய்தல் முறை.

பிளகின்கள் வரும், போகும். வடிவங்கள் மாறும், பிராசஸர்கள் மாறும். இம்மாற்றத்தை நிறுத்துதல் நம்மால் ஆவதன்று. ஆனால் பாடினோர் குரலையும் வாசித்தோர் கைத்திறத்தையும் மாறாத எளிய வடிவில் வைத்துப் போற்றுதல் நம்மால் ஆவதே. ஒரு குழுவிற் பாடியோர் பின்னர்ப் பல ஊர்களுக்குப் பிரிந்து செல்வர். சிலரை மீண்டும் ஓரிடத்திற் கூட்டுதல் அரிது. அவர்தம் பாட்டு ஒரு சிறுசெயலியின் ஆயுளோடு முடிந்துவிடுதல் தகாது. ஆதலின் இவ்வாண்டில் இசை பதியும் மாணவ அன்பர்கள், ஒவ்வொரு பாடலும் முடிந்த அன்றே அதன் ஒலிக்கோப்புகளை வெளியிட்டு, குறிப்பேட்டோடு இரண்டு இடங்களிற் சேர்த்து வைப்பாராக.